‘போன தடவை ஒண்ணும் ஆகலையே!’ – நாய்களின் உயிரோடு விளையாடும் சாக்லேட்

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், 2014 செப்டம்பரில், காட்டுப் பகுதி ஒன்றில் நான்கு கருங்கரடிகள் அருகருகே செத்துக் கிடந்தன. இரண்டு வளர்ந்த பெண் கரடிகள், இரண்டு குட்டிகள். குண்டு பாய்ந்த தடம் இல்லை, காயம் இல்லை, ஒன்றோடொன்று சண்டை போட்டதற்கான அடையாளமும் இல்லை. கரடிகளை வரவழைப்பதற்காக அந்த இடத்தில் ஒருவர் இரை கொட்டி வைத்திருந்தார். சுமார் 40 கிலோ. அத்தனையும் சாக்லேட்டும் டோனட்டும்!

வயிற்றில் இருந்ததை ஆய்வகத்தில் சோதித்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. சாக்லேட்டில் இயற்கையாகவே இருக்கும் ‘தியோப்ரோமின்’ என்ற வேதிப்பொருள் அளவுக்கு மீறி உடலில் சேர்ந்து, நான்கு கரடிகளின் இதயத்தையும் நிறுத்தியிருந்தது. கரடிக்கு இரையாக சாக்லேட் வைப்பதை அந்த மாநிலம் பின்னர் தடை செய்துவிட்டது.

கரடியையே சாய்த்த அந்தப் பொருள் நம் வீட்டு ஃபிரிட்ஜில் இருக்கிறது. குழந்தையின் பள்ளிப் பையில் இருக்கிறது. பிறந்த நாள் கேக்கின் மேல் பூச்சில் இருக்கிறது. ஊட்டிக்குப் போய்வந்த பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த பொட்டலத்தில் இருக்கிறது. அதே வீட்டில்தான், யார் கையில் என்ன இருந்தாலும் வாலாட்டியபடி நிமிர்ந்து பார்க்கும் நாயும் இருக்கிறது.

“நாய்க்கு சாக்லேட் கொடுக்கக் கூடாதாமே?” என்று கேள்விப்படாதவர்கள் இன்று குறைவு. ஆனால், கேள்விப்பட்டதை நம்புகிறவர்கள் அதைவிடக் குறைவு. காரணம், நாய் வளர்க்கும் பலரிடமும் ஓர் அனுபவம் இருக்கிறது. “எங்க ஜிம்மி போன மாசம் ஒரு முழு சாக்லேட்டையே தின்னுச்சு. ஒண்ணும் ஆகலையே!” என்பார்கள். அவர்கள் சொல்வது பொய்யல்ல. ஆபத்து ஒளிந்திருப்பதே அந்த உண்மைக்குப் பின்னால்தான்.

பதினேழரை மணி நேரக் கணக்கு

கோகோ விதையிலிருந்து தியோப்ரோமினை முதன்முதலில் பிரித்தெடுத்தவர் ரஷ்ய வேதியியலாளர் அலெக்சாண்டர் வோஸ்கிரெசென்ஸ்கி. ஆண்டு 1841. காபி, டீயில் இருக்கும் காஃபீனின் நெருங்கிய உறவு இது. கோகோவில் இரண்டுமே உண்டு என்றாலும் தியோப்ரோமின்தான் பல மடங்கு அதிகம். மனிதர்களையும் இது முழுதாக விட்டுவைப்பதில்லை. தினமும் 50 முதல் 100 கிராம் வரை கோகோ உட்கொள்கிறவருக்கு வியர்வை, நடுக்கம், கடும் தலைவலி வரலாம். சாதாரணமாக நாம் சாப்பிடும் அளவை நம் கல்லீரல் விரைவாக உடைத்து வெளியே தள்ளிவிடுவதால், நமக்கு அது தெரிவதே இல்லை.

நாயின் கல்லீரலுக்கு அந்த வேகம் கிடையாது. உடலில் சேர்ந்த தியோப்ரோமினில் பாதி கழியவே நாய்க்கு ஏறத்தாழ 17.5 மணி நேரம் ஆகிறது. சனிக்கிழமை மாலை 6 மணிக்கு ஒரு நாய் சாக்லேட் கேக்கைத் தின்றால், ஞாயிறு பகல் 11.30க்கும் அதன் உடலில் பாதி நஞ்சு அப்படியே இருக்கும். திங்கள் அதிகாலை 5 மணிக்குக்கூட கால்வாசி மிச்சம். கேக் வெட்டிய வீட்டில் எல்லோரும் அதை மறந்து அலுவலகத்துக்குக் கிளம்பும் நேரத்திலும் நாயின் இதயம் அதோடு போராடிக்கொண்டிருக்கும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பித்தநீர் வழியாகக் குடலுக்கு வந்து சேரும் நஞ்சை குடல் மறுபடி உறிஞ்சிக்கொள்கிறது. சிறுநீரில் கலந்து மூத்திரப்பைக்கு வந்தது, அங்கே தேங்கி நின்றால் பையின் சுவர் வழியாகத் திரும்பவும் ரத்தத்துக்கே போய்விடுகிறது. வெளியேறும் வாசல் வரை வந்துவிட்டு மீண்டும் உள்ளே நுழையும் நஞ்சு இது.

உள்ளே போய் என்ன செய்கிறது? ‘போதும், அடங்கு’ என்று மூளைக்கும் இதயத்துக்கும் சேதி சொல்லும் அடினோசின் என்ற பொருள் எல்லா உடலிலும் உண்டு. அது போய் உட்கார வேண்டிய இடத்தில் தியோப்ரோமின் உட்கார்ந்துகொள்கிறது. அடங்கச் சொல்ல ஆளில்லாததால் இதயம் தாறுமாறாக ஓடத் தொடங்குகிறது. தசை செல்களுக்குள் கால்சியம் ஏறி, தசைகள் இறுகித் துடிக்கின்றன. உடல் வெப்பம் கூடுகிறது. தடுக்காவிட்டால் வலிப்பில் போய் முடிகிறது.

எந்த சாக்லேட், எத்தனை கிலோ நாய்?

இனி ஜிம்மியின் கதைக்கு வருவோம். கால்நடை மருத்துவர்கள் வைத்திருக்கும் கணக்கு எளிமையானது. நாயின் எடையில் கிலோ ஒன்றுக்கு 20 மில்லிகிராம் உள்ளே போனால் வாந்தி, பேதி, படபடப்பு ஆரம்பிக்கும். 40 முதல் 50 மில்லிகிராமில் இதயத் துடிப்பு தடம் புரளும். 60 மில்லிகிராமைத் தாண்டினால் வலிப்பு வரலாம். 100 முதல் 200 வரை போனால் உயிர் போகும் அபாயம். இவை தோராயமான எல்லைகள்தான். இதய நோய் உள்ள நாய்க்கும், கிழட்டு நாய்க்கும் இன்னும் குறைவான அளவே போதும்.

சாக்லேட்டுக்கு சாக்லேட் தியோப்ரோமின் அளவு மாறுகிறது. அதுவும் கொஞ்சநஞ்சமல்ல. வெள்ளை சாக்லேட்டில் இது இல்லை என்றே சொல்லிவிடலாம். மில்க் சாக்லேட்டில் ஒரு கிராமுக்கு சுமார் 2.3 மில்லிகிராம். டார்க் சாக்லேட்டில் 5 மில்லிகிராமுக்கு மேல். பேக்கரிகளில் பயன்படுத்தும் சர்க்கரை சேர்க்காத சமையல் சாக்லேட்டில் 16. கேக்குக்காக வாங்கி வைக்கும் கோகோ பவுடரில் 28க்கும் மேல்! மில்க் சாக்லேட்டைவிடக் கோகோ பவுடர் பன்னிரண்டு மடங்கு வீரியமானது.

இந்த எண்களை நாயின் மேல் வைத்துப் பார்த்தால்தான் உறைக்கும். 30 கிலோ எடையுள்ள ஒரு லாப்ரடார், 50 கிராம் மில்க் சாக்லேட் பார் ஒன்றைத் தின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கிலோவுக்கு 4 மில்லிகிராம்கூட வராது. ஜிம்மிக்கு ஒன்றும் ஆகாமல் போனதன் ரகசியம் இதுதான். அதே லாப்ரடார், சமையலறை மேடையில் கைக்கெட்டும் இடத்தில் இருந்த 50 கிராம் கோகோ பவுடர் டப்பாவைக் கடித்துத் திறந்து காலி செய்தால்? கிலோவுக்கு 47 மில்லிகிராம். இதயம் பாதிக்கும் எல்லை. அதே டப்பா 8 கிலோ எடையுள்ள ஒரு பக் நாய்க்குக் கிடைத்தால் கிலோவுக்கு 178 மில்லிகிராம். அந்த நாய் பிழைக்க வேண்டுமானால் உடனடியாக ஆஸ்பத்திரியில் இருந்தாக வேண்டும்.

மூன்று கணக்கிலும் தின்றது ‘50 கிராம்’தான். ஒன்றில் நாய் நிம்மதியாகத் தூங்குகிறது, ஒன்றில் நெஞ்சு படபடக்கத் தவிக்கிறது, ஒன்றில் சாவோடு போராடுகிறது. “போன தடவை ஒண்ணும் ஆகலையே” என்ற வாக்கியம் கொல்வது இப்படித்தான். போன தடவை வேறு சாக்லேட், வேறு அளவு. சில வீடுகளில் நாயே வேறு.

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். பெரிய நாய் ஒரு கடி மில்க் சாக்லேட் தின்றுவிட்டது என்பதற்காக நள்ளிரவில் பதறியடித்து ஓட வேண்டியதில்லை. மருத்துவருக்கு ஒரு போன் போட்டு, எடையையும் அளவையும் சொன்னால் போதும். 3 கிலோ நாய்க்குட்டிக்கு அந்தச் சலுகை கிடையாது. ஒரு மேசைக்கரண்டி கோகோ பவுடரே அதற்கு இதயம் வரை போய்விடும். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ எடை போட்டு வாங்கும் ஹோம்மேட் சாக்லேட்டில் கோகோ எவ்வளவு என்று பொட்டலத்தில் பல நேரம் இருக்காது. கறுப்பாகவும் கசப்பாகவும் இருக்க இருக்க ஆபத்து அதிகம் என்று வைத்துக்கொள்வது நல்லது.

பண்டிகை வந்தால் கூட்டம்

இங்கிலாந்தின் லிவர்பூல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 229 கால்நடை மருத்துவமனைகளின் பதிவேடுகளை எடுத்து அலசினார்கள். 2012 முதல் 2017 வரை சாக்லேட் தின்றுவிட்டு நாய்கள் அங்கே வந்த சம்பவங்கள் 386. அவை எந்த நாட்களில் வந்தன என்று பார்த்தபோது தெளிவான ஓர் உண்மை தெரிந்தது. கிறிஸ்துமஸ் காலத்தில் மற்ற நாட்களைவிட நான்கு மடங்கு ஆபத்து. ஈஸ்டர் சமயத்தில் இரண்டு மடங்கு. அங்கே ஈஸ்டர் என்றால் முட்டை வடிவ சாக்லேட், கிறிஸ்துமஸ் என்றால் மரத்தில் தொங்கவிடும் சாக்லேட்டும் பரிசுப் பெட்டிகளும். நான்கு வயதுக்குக் குறைவான இளம் நாய்கள்தான் அதிகம் மாட்டின. பெரும்பாலானவை தின்றது சிறிய அளவு, பாதிப்பும் லேசானது என்பது ஆறுதல். அங்கே நாய் வளர்ப்போர் உடனே தூக்கிக்கொண்டு ஓடி வருகிறார்கள் என்பதும் அதற்கு ஒரு காரணமாக இருக்க வேண்டும்.

நம் ஊரில் தீபாவளிக்கு அதிரசமும் மைசூர்பாகும் இருந்த தட்டில் இப்போது தங்க நிறத் தாள் சுற்றிய சாக்லேட் பெட்டி வந்து உட்கார்ந்திருக்கிறது. அலுவலகத்தில் கொடுப்பதும் அதுதான், உறவினர் கொண்டுவருவதும் அதுதான். அது வந்து சேரும் அதே நாளில்தான் தெருவெங்கும் வெடி வெடிக்கிறது. சாக்லேட் நஞ்சேறிய நாய் எப்படி இருக்கும்? ஓரிடத்தில் நிற்காது, நாக்கைத் தொங்கவிட்டு இரைக்கும், உடம்பு நடுங்கும், சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிடும். வெடிச் சத்தத்துக்குப் பயந்த நாய் எப்படி இருக்கும்? அச்சு அசலாக அப்படியே இருக்கும்! “பாவம், பட்டாசுக்குப் பயந்திருக்கு” என்று கட்டிலுக்கு அடியில் விட்டுவிடுகிறவர்கள், அந்த நாளில் ஒரு தடவையாவது சாக்லேட் பெட்டியைத் திறந்து எண்ணிப் பார்ப்பது அவசியம். கத்திரி வெயிலிலும் இதே குழப்பம் வரும். இரைப்புக்குக் காரணம் வெக்கை என்று நினைத்துவிடுவோம்.

பூனைக்கு இந்தத் தொல்லை அதிகம் வருவதில்லை. நஞ்சு என்னவோ அதற்கும் நஞ்சுதான். ஆனால், இனிப்பை உணரும் மரபணு பூனை இனத்தில் செயலற்றுப் போய்விட்டது. அதனால் அது சாக்லேட்டை முகர்ந்துவிட்டு ஒதுங்கிவிடும். நாய்க்கு இனிப்பு தெரியும், பிடிக்கும். அதிலும் லாப்ரடார் இனத்தில், சாப்பிட்டது போதும் என்ற உணர்வோடு தொடர்புடைய ‘பிஓஎம்சி’ என்ற மரபணுவின் ஒரு பகுதியே சில நாய்களில் விடுபட்டிருப்பதை கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வு 2016ல் கண்டுபிடித்தது. ஏறக்குறைய நான்கில் ஒரு லாப்ரடாருக்கு இந்தக் குறை. இப்படிப்பட்ட நாயிடம் ‘போதும்னா அதுவே நிறுத்திடும்’ என்று எதிர்பார்ப்பது நியாயமே இல்லை.

அந்த ராத்திரி என்ன நடக்கும்?

தின்ற சில மணி நேரத்தில் தாகம் எடுக்கும். தண்ணீர்க் கிண்ணத்தைத் திரும்பத் திரும்பக் காலி செய்யும். வாந்தி வரலாம், வயிறு உப்பலாம். வீட்டுக்குள் ஒருநாளும் அசிங்கம் செய்யாத நாய், அடக்க முடியாமல் ஹாலிலேயே சிறுநீர் கழிக்கும். அதைத் திட்டக் கூடாது. தியோப்ரோமின் சிறுநீரை அதிகம் சுரக்கச் செய்கிறது. பெரும்பாலும் 6 முதல் 12 மணி நேரத்துக்குள் முழு வேகம் தெரிந்துவிடும். நடை தள்ளாடும், கால்கள் விறைக்கும், மார்பில் கை வைத்தால் இதயம் எண்ண முடியாத வேகத்தில் அடிப்பது தெரியும். பின்னர் நடுக்கம், வலிப்பு. இந்தப் போராட்டம் சில நாய்களுக்கு மூன்று நாள் வரைகூட நீளும்.

பிழைத்துவிட்டது என்று மூச்சு விடும்போது மற்றொன்று வரும். சாக்லேட்டிலும் கேக்கிலும் இருக்கும் கொழுப்பு, கணையத்தை அழற்சிக்கு உள்ளாக்கலாம். ஓரிரு நாள் கழித்து நாய் மீண்டும் வாந்தி எடுத்து, வயிற்றைத் தொடவிடாமல் முதுகை வளைத்து நின்றால் அதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். ஜிகினாத் தாளையும் பிளாஸ்டிக் உறையையும் சேர்த்தே விழுங்கிய நாய்க்குக் குடல் அடைப்பும் வரலாம்.

ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் மருத்துவர் கேட்பது மூன்றே கேள்விகள். “என்ன தின்னுச்சு, எவ்வளவு தின்னுச்சு, எப்ப தின்னுச்சு?” இந்த மூன்றுக்கும் பதில் இருந்தால் சிகிச்சை பாதி தொடங்கிவிட்டது என்று அர்த்தம். கிழிந்த உறையைக் கையோடு எடுத்துப்போனால் மருத்துவரே எடை பார்த்துக் கணக்கு போட்டுவிடுவார்.

முதல் வேலை, வாந்தி எடுக்க வைப்பது. அதற்கென்று ‘அபோமார்ஃபின்’ என்ற ஊசி மருந்து இருக்கிறது. கண்ணில் விடும் சொட்டு மருந்து ஒன்றுக்கும் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020ல் ஒப்புதல் கொடுத்திருக்கிறது. சாக்லேட் வயிற்றில் உருகி, பிசுபிசுப்பான கட்டியாக ஒட்டிக்கொள்ளும் இயல்புடையது. அதனால் தின்று சில மணி நேரம் ஆகியிருந்தாலும் வாந்தியில் கணிசமான பகுதியை வெளியே கொண்டுவர முடியும். மேசையின் மேல் நின்று அந்த நாய் குமட்டி, பழுப்பு நிறக் கூழை வாரி வாரி வெளியே தள்ளும்போது அறை முழுக்க சாக்லேட் வாசம் அடிக்கும். அதில் எவ்வளவு வந்தது, உறைத் துண்டுகள் வந்தனவா என்று மருத்துவர் குச்சியால் கிளறிப் பார்ப்பார். வெளியே வந்த ஒவ்வொரு கரண்டியும் இதயத்துக்குப் போகாமல் தப்பிய நஞ்சு.

அடுத்து, நஞ்சைத் தன் மேல் ஒட்டவைத்துக்கொள்ளும் கரிப்பொடி. ‘ஆக்டிவேட்டட் சார்கோல்’ என்பார்கள். குடலுக்குள் நஞ்சு திரும்பத் திரும்ப வருவதால், இதையும் சில நாய்களுக்குத் திரும்பத் திரும்பக் கொடுக்க வேண்டியிருக்கும். காலில் ஊசி ஏற்றி டிரிப்ஸ். மூத்திரப்பையில் தேங்கினால் நஞ்சு மறுபடி ரத்தத்துக்குப் போகும் என்று பார்த்தோம் அல்லவா? அதற்காக நாயை அடிக்கடி வெளியே நடத்திக் கூட்டிப்போவார்கள், முடியாத நாய்க்குக் குழாய் வைப்பார்கள். ஈசிஜி பார்த்து, இதயம் எகிறினால் அதை அடக்க ஒரு மருந்து, வலிப்புக்கு டயாசெபாம், உடம்பு கொதித்தால் ஈரத்துணியும் மின்விசிறியும். பாம்புக் கடிக்கு இருப்பதுபோல இதற்கென்று தனி முறிமருந்து கிடையாது. உடல் தானாக நஞ்சைக் கழித்து முடிக்கும்வரை நாயைத் தாங்கிப் பிடிப்பதுதான் மொத்த சிகிச்சையும். சீக்கிரம் கொண்டுவரப்பட்ட நாய்களில் பெரும்பாலானவை பிழைத்துக்கொள்கின்றன.

உப்புக் கரைசல் வேண்டாம்

நம் வீடுகளில் நஞ்சு என்றதும் கை முதலில் போவது உப்பு டப்பாவுக்குத்தான். வெந்நீரில் உப்பைக் கரைத்து நாயின் வாயில் ஊற்றுவார்கள். இது சாக்லேட்டைவிட மோசமான காரியம். ரத்தத்தில் சோடியம் எகிறி, மூளை பாதிக்கப்பட்டு, அந்த உப்பாலேயே நாய் சாகக்கூடும். பாலும் நஞ்சை முறிப்பதில்லை. தொண்டைக்குள் விரலை விட்டால் விரலைக் கடிக்கும், தொண்டையும் புண்ணாகும். ஹைட்ரஜன் பெராக்சைடு கொடுக்கச் சொல்லி இணையத்தில் வீடியோக்கள் சுற்றுகின்றன. அளவு தவறினால் வயிற்றின் உட்சுவரைப் புண்ணாக்கிவிடும் பொருள் அது. மருத்துவர் போனில் அளவு சொல்லி, செய்யச் சொன்னால் ஒழிய அதைத் தொடக் கூடாது.

ஏற்கெனவே நடுங்கும், மயங்கும், வலிப்பு வந்த நாயை வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. வாந்தி நுரையீரலுக்குள் போய்விடும். பக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு இந்த அபாயம் இன்னும் அதிகம்.

சாக்லேட்டோடு ஒட்டி வருபவை

‘சுகர் ஃப்ரீ’ என்று எழுதிய சாக்லேட் நாய்க்கு நல்லது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. சர்க்கரைக்குப் பதிலாக அதில் சைலிட்டால் சேர்த்திருந்தால், நாயின் கணையம் அதைச் சர்க்கரை என்று நம்பி இன்சுலினைக் கொட்டிவிடும். ரத்தச் சர்க்கரை அரை மணி நேரத்திலேயே அதலபாதாளத்துக்கு இறங்கலாம். எடையில் கிலோவுக்கு 0.1 கிராம் சைலிட்டாலே இதற்குப் போதும். அளவு கூடினால் கல்லீரலே பழுதாகும். மனிதர்களுக்கு இந்தப் பொருளால் இப்படி எதுவும் நடப்பதில்லை என்பதால்தான் நீரிழிவு உள்ளவர்களின் வீட்டில் எச்சரிக்கை தேவைப்படுகிறது.

உலர் திராட்சை சேர்த்த சாக்லேட்டிலும் இரட்டை ஆபத்து. திராட்சை சில நாய்களின் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கும் என்பது பல ஆண்டுகளாகத் தெரியும், காரணம்தான் புதிராக இருந்தது. அதிலுள்ள டார்ட்டாரிக் அமிலம்தான் காரணமாக இருக்க வேண்டும் என்று அமெரிக்க நச்சியல் நிபுணர்கள் 2021ல் சுட்டிக்காட்டினார்கள். தமிழ் வீடுகள் காதில் போட்டுக்கொள்ள வேண்டிய செய்தி இது. அதே அமிலம் நிறைந்த இன்னொரு பொருள், நம் புளி. புளியைத் தின்ற நாய்களுக்கு சிறுநீரகம் பாதித்த சம்பவங்களும் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கின்றன. காபி ஃபில்டரிலிருந்து தட்டிச் செடிக்குப் போடும் சக்கையிலும் காஃபீன் மிச்சம் இருக்கிறது. நாய் மண்ணைக் கிளறும் வீட்டில் அதையும் மூடிப்போடுவது நல்லது.

கோகோ நமக்கு அந்நியமான பயிரும் அல்ல. 1798லேயே கிழக்கிந்திய கம்பெனி குற்றாலத்தில் கோகோவை நட்டுப் பார்த்தது. இன்று பொள்ளாச்சி, ஆனைமலை வட்டாரத்தின் தென்னந்தோப்புகளில் அது ஊடுபயிர். காயை உடைத்து, விதையைப் புளிக்கவைத்து, களத்தில் காயப்போடும் இடத்திலேயே தோப்புக் காவலுக்கான நாயும் படுத்திருக்கும். காய்ந்த கோகோ விதையில் கிராமுக்கு சுமார் 21 மில்லிகிராம் தியோப்ரோமின் இருக்கிறது. 15 கிலோ எடையுள்ள ஒரு நாட்டு நாய் 50 கிராம் விதையைக் கடித்துத் தின்றால் வலிப்பு வரும் எல்லையைத் தாண்டிவிடும். விதையின் மேல்தோலிலும் நஞ்சு உண்டு. மேலை நாடுகளில் தோட்டத்து மண்ணை மூட இந்தத் தோலைப் பரப்புவார்கள். அதைத் தின்று நஞ்சேறிய நாயைப் பற்றி 1984லேயே அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் இதழ் எழுதிவிட்டது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரிட்டனில் தீவனப் பஞ்சம் வந்து, கோகோ ஆலைக் கழிவைக் கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் போட்டதில் நேர்ந்த பாதிப்புகளும் பதிவில் இருக்கின்றன. இத்தனை காலமாகத் தெரிந்த ஒரு நஞ்சைப் பற்றி நாய் விற்கிறவர்கள் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் குட்டியைக் கையில் கொடுத்தனுப்புவது மன்னிக்க முடியாத அலட்சியம். தடுப்பூசி அட்டையைக் கொடுக்கும்போதே, என்ன கொடுக்கக் கூடாது என்ற ஒரு தாளையும் சேர்த்துக் கொடுத்தால் எத்தனையோ நாய்கள் தப்பும்.

தெருநாய்களுக்கு அன்போடு பிஸ்கட் போடுகிறவர்களிடமும் ஒரு வேண்டுகோள். சாக்லேட் கிரீம் பிஸ்கட்டில் கோகோ குறைவுதான், ஒன்றிரண்டில் எதுவும் ஆகாது. ஆனால், பத்து பேர் போடும் தெருவில் ஒரு குட்டி எத்தனை தின்கிறது என்று யாரும் எண்ணுவதில்லை. அந்தக் காசுக்கு சோறோ முட்டையோ கிடைக்கும்.

நாய் வளர்க்கிறவர்கள் இதைப் படித்து முடித்ததும் எழுந்துபோய் நான்கு வேலைகளைச் செய்துவிடுங்கள். கோகோ பவுடர் டப்பாவை மேல் அலமாரிக்கு மாற்றிக் கதவைச் சாத்துங்கள். நாயை எடை போட்டு, அந்த எண்ணை ஃபிரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டுங்கள். அதற்குக் கீழே உங்கள் கால்நடை மருத்துவரின் எண்ணையும், இரவில் திறந்திருக்கும் ஒரு கால்நடை மருத்துவமனையின் எண்ணையும் இப்போதே விசாரித்து எழுதிவையுங்கள். வீட்டுப் பிள்ளைகளிடமும், வேலைக்கு வரும் அம்மாவிடமும், பேரனுக்கு சாக்லேட் வாங்கிவரும் தாத்தாவிடமும் சொல்லிவையுங்கள். நாய் தின்றுவிட்டது என்று தெரிந்தால் அறிகுறி வருகிறதா என்று பார்த்துக்கொண்டு உட்கார வேண்டாம். கிழிந்த உறையைக் கையில் எடுத்துக்கொண்டு, உடனே போன் செய்யுங்கள்.